தாய்க் கிராமத்திலிருந்து 41 பனை தூரம்

என் வீட்டுக்கு இணையம் கொண்டுவரும் கேபிள், கண்மாய்க்கரையில் 41 பனை மரங்களைத் தொட்டுக்கொண்டு வருகிறது. அதற்கு முன்னால், எங்கள் ஊராட்சியின் தலைமை ஊரான தாய்க் கிராமத்தின் இரண்டு தெருக்கள். பனைகள் முடிகிற இடத்தில் சித்தப்பாவின் நிலத்து வரப்பு, பிறகு எங்கள் தெரு. மொத்தம் 2,300 மீட்டர். இந்த 2,300 மீட்டரைக் கடக்க எங்களுக்கு நான்கு ஆண்டுகள் பிடித்தன.

சிவகங்கை மாவட்டத்தில், மானாமதுரையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிற 38 வீட்டுக் குடியிருப்பு எங்களுடையது. ஊராட்சி அலுவலகம், ரேஷன் கடை, நடுநிலைப்பள்ளி எல்லாம் கண்மாய்க்கு அந்தப் பக்கம், தாய்க் கிராமத்தில். எங்கள் பக்கம் ஒரு ஐயனார் கோயில், ஒரு மேல்நிலைத் தொட்டி, சுற்றிலும் சீமைக்கருவேலம். அரசுக் கோப்புகளில் எங்களைக் குக்கிராமம் என்று எழுதுவார்கள்.

நான் புத்தகங்களுக்குப் பக்க வடிவமைப்பு செய்கிறவள். 2020 மார்ச்சில் ஊரடங்குக்கு முந்தைய நாள் சென்னையிலிருந்து வந்தேன். அப்பாவுக்கு உடம்பு சரியில்லாமல் போனதால் இங்கேயே தங்கிவிட்டேன். கணினியும் அச்சகங்களின் தொடர்பும் இருந்தால் என் வேலையை எங்கிருந்தும் செய்யலாம். செய்து முடித்ததை அனுப்புவதுதான் பெரும்பாடாக இருந்தது.

படங்கள் நிறைந்த ஒரு சமையல் புத்தகம் அந்த ஆண்டில் எனக்கு வந்தது. அச்சுக்கோப்பின் அளவு 312 மெகாபைட். எங்கள் வீட்டுத் திண்ணையில் கைப்பேசி வழியாகக் கிடைத்த பதிவேற்ற வேகம் அரை எம்பிபிஎஸ், அதாவது நொடிக்கு அரை மெகாபிட். இங்கே பலர் தடுமாறுவதால் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். கோப்பின் அளவு பைட்டில், இணைப்பின் வேகம் பிட்டில். எட்டுப் பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட். 312 மெகாபைட் என்பது 2,496 மெகாபிட். அரை எம்பிபிஎஸ் வேகத்தில் அது போய்ச் சேர 83 நிமிடங்கள் வேண்டும், நடுவில் ஒருமுறைகூட அறுந்துபோகாமல் இருந்தால். அறுந்துபோனது. 91 சதவீதத்தில் ஒருமுறை, 60-இல் ஒருமுறை. கடைசியில் இரவு பதினொரு மணிக்குத் தம்பியைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு, மடிக்கணினியைச் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு கண்மாய்க்கரை மேட்டில் ஏறி உட்கார்ந்து அனுப்பினேன். அப்போது அக்காவின் மகள் பத்தாம் வகுப்பில் இருந்தாள். அவளும் பகலில் அதே மேட்டில், குடை பிடித்துக்கொண்டு பாடம் கேட்டாள். அந்த மேட்டில் பாம்பு உண்டு. ஒரு பெண் குழந்தையைப் படிப்பதற்காக அங்கே அனுப்ப வேண்டியிருந்ததை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு எரிகிறது.

முதலில் அப்பாவின் பழைய தொலைபேசி இணைப்பை உயிர்ப்பிக்கப் பார்த்தேன். தொலைபேசி நிலையம் ஆறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. செம்புக் கம்பியில் இணையம் தூரத்துக்குத் தூரம் தேய்ந்துகொண்டே போகும், ஐந்து கிலோமீட்டரைத் தாண்டினால் அநேகமாக ஒன்றும் மிஞ்சாது. அந்தக் கதை அதோடு முடிந்தது.

அடுத்து ஆன்டெனா. இதில் நான் கற்றுக்கொண்டது உங்களில் சிலருக்கு உதவும், ஏனென்றால் ஃபைபர் என்கிற கண்ணாடி இழை எட்டாத ஊர்களுக்கு இன்றும் இதுதான் வழி. சிம் போடக்கூடிய 4ஜி ரவுட்டர் ஒன்றையும், ஒரே திசையை நோக்குகிற வெளிப்புற ஆன்டெனா ஒன்றையும் வாங்கினேன். இருபது அடி இரும்புக் குழாயில் ஆன்டெனாவை ஏற்றி, ரவுட்டரை வீட்டுக்குள் வைத்து, நடுவில் பத்து மீட்டர் ஒயர் விட்டோம். எதிர்பார்த்த அளவுக்கு ஒன்றும் நடக்கவில்லை. மெல்லிய ஆன்டெனா ஒயர், கோபுரத்திலிருந்து பிடித்த சிக்னலில் பாதிக்கு மேல் வழியிலேயே விழுங்கிவிடுகிறது என்பது பிறகுதான் தெரிந்தது. ரவுட்டரையே ஒரு மூடிய பெட்டியில் வைத்துக் குழாயின் உச்சிக்கு ஏற்றி, ஆன்டெனா ஒயரை அரை மீட்டராகக் குறைத்து, கீழே கணினிக்கு லேன் ஒயரை இறக்கியபோதுதான் மாற்றம் தெரிந்தது. அதிகாலையில் எட்டு எம்பிபிஎஸ் வந்தது. ஆனால் மாலை ஆறு மணிக்கு மேல் இரண்டுக்கு இறங்கிவிடும். கோபுரம் ஒன்றுதான், அதைப் பங்கிட்டுக்கொள்கிற ஊர்கள் பல. எல்லோரும் வீடு திரும்பிக் கைப்பேசியைக் கையில் எடுக்கிற நேரத்தில் ஆளுக்குக் கிடைக்கிற பங்கு சுருங்கத்தான் செய்யும். ஆன்டெனாவால் அலையைப் பிடிக்க முடியும், கூட்டத்தைக் குறைக்க முடியாது.

அந்த நாட்களில்தான் அரசு எதை அகலப்பட்டை (பிராட்பேண்ட்) இணைப்பு என்று கணக்கில் எடுத்துக்கொள்கிறது என்று தேடிப் படித்தேன். 2004-இல் அதற்கு வைத்த குறைந்தபட்ச வேகம் 256 கேபிபிஎஸ், ஏறக்குறைய கால் எம்பிபிஎஸ். 2023 ஜனவரியில் அதை 2 எம்பிபிஎஸ் ஆக உயர்த்தினார்கள். அப்படியென்றால் எங்கள் திண்ணையில் மாலை நேரத்தில் வருகிற வேகமும் அகலப்பட்டைதான். எங்கள் கஷ்டம் அந்தக் கணக்கில் எந்த இடத்திலும் தெரியாது.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. ஊராட்சிகளுக்கெல்லாம் கண்ணாடி இழை கொண்டுபோகும் தேசியத் திட்டத்துக்கு 2011 அக்டோபரில் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. பாரத்நெட் என்று அதற்குப் பின்னால் பெயர் மாறியது. தமிழ்நாட்டில் இந்தப் பணிக்காகத் தமிழ்நாடு ஃபைபர்நெட் கழகம் உருவானது. 12,525 ஊராட்சிகளை இணைப்பது அதன் இலக்கு. ஊராட்சிகள் 12,525 என்றால் அவற்றுக்குள் இருக்கிற குடியிருப்புகள் 79 ஆயிரத்துக்கும் மேல். ஓர் ஊராட்சிக்குச் சராசரியாக ஆறு குடியிருப்புகள். இழை ஊராட்சி அலுவலகத்தைத் தொட்டதும் வரைபடத்தில் அந்த ஊராட்சி பச்சையாகிவிடும். மீதி ஐந்து குடியிருப்புகளில் இருப்பவர்கள் அந்தப் பச்சைக்குள்ளேயே இருந்துகொண்டு மேட்டில் ஏறிக்கொண்டிருப்பார்கள். 2023 ஆகஸ்டில் 1.39 லட்சம் கோடி ரூபாயில் திருத்தப்பட்ட பாரத்நெட் திட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்தபோதுதான், ஊராட்சித் தலைமையிடம் அல்லாத கிராமங்களும், கேட்டால் கொடுக்கலாம் என்ற அளவிலாவது, உள்ளே வந்தன. நல்ல மாற்றம்தான், ஆனால் மிகவும் தாமதமாக வந்தது.

இதற்கான பணம் வானத்திலிருந்து விழுவதில்லை. தொலைத்தொடர்பு நிறுவனங்கள் தங்கள் சரிசெய்யப்பட்ட மொத்த வருவாயில் 5 சதவீதத்தைக் கிராமப்புற இணைப்புக்கான நிதிக்குச் செலுத்துகின்றன. 2002 முதல் இருக்கிற ஏற்பாடு இது. 2023-ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டத்துக்குப் பிறகு அந்த நிதியின் பெயர் டிஜிட்டல் பாரத் நிதி. அந்த வருவாய் நாம் போடுகிற ரீசார்ஜிலிருந்து வருவது. எங்கள் தெருவில் ஆடு மேய்க்கிற பெரியம்மாவும் மாதாமாதம் அதில் தன் பங்கைக் கட்டிக்கொண்டுதான் இருக்கிறார். ஆகவே கிராமத்துக்கு இணையம் கொடுப்பதைச் சலுகை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

தாய்க் கிராமத்தில் கேபிள் டிவி நடத்துகிற அண்ணன் ஒருவர் இருக்கிறார். முப்பது ஆண்டுகளாக அவருக்கு அதுதான் தொழில். டிவி இணைப்புகள் குறையத் தொடங்கியதும், உரிமம் பெற்ற ஓர் இணைய நிறுவனத்தின் கிளை முகவராகி, தாய்க் கிராமத்துத் தெருக்களுக்கு ஃபைபர் இழுத்திருந்தார். 2023 கடைசியில் அவரைப் போய்ப் பார்த்தேன். அவர் மழுப்பாமல் பேசினார்.

“தங்கச்சி, கண்மாய்க்கு அந்தப் பக்கம் ஒரு வீட்டுக்காக நான் கேபிள் இழுத்தால், போட்ட காசை எடுக்க எனக்குப் பத்து வருடம் ஆகும். ஒன்பது வீடாவது சேருங்கள். கேபிள் செலவில் பாதியை ஊர் கொடுக்கட்டும். மீதியும் வேலையும் என் பொறுப்பு.”

நாங்களே ஒரு இணைப்பை வாங்கி வீடுவீடாகப் பிரித்துக்கொள்ளலாமே என்று தம்பி கேட்டான். உரிமம் இல்லாமல் இணையத்தை விற்கக் கூடாது, சட்டம் அதற்கு இடம் தராது என்று அண்ணன் உடனே தடுத்தார். அதனால் இணைப்பு அவர் பெயரிலும் நிறுவனத்தின் பெயரிலும், கேபிளுக்கான வழி எங்கள் பொறுப்பிலும் என்று முடிவானது.

இப்படி ஊர்க்காரர்கள் கைகொடுத்து இணையம் கொண்டுவந்தது எங்கேயாவது நடந்திருக்கிறதா என்று தேடினேன். இங்கிலாந்தின் லங்காஷயர் பகுதியில், நிறுவனங்கள் திரும்பிப் பார்க்காத கிராமங்களின் உழவர்கள் பி4ஆர்என் என்ற சமூக அமைப்பைத் தொடங்கி, தங்கள் வயல்களில் தாங்களே குழி வெட்டிக் கேபிள் புதைத்திருக்கிறார்கள். நிலக்காரர்கள் வழிக்குக் காசு வாங்கவில்லை. வீட்டுக்கு 1,000 எம்பிபிஎஸ் கொடுத்தார்கள். அந்த அமைப்பு தொடங்கிய ஆண்டும் 2011. நம் தேசியத் திட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்த அதே ஆண்டு. இதைக் கோயில் திண்ணையில் வைத்து ஊராருக்குச் சொன்னேன். வயலில் வழி கொடுத்த அந்த வெள்ளைக்கார உழவர்களைப் பற்றி இரண்டு மூன்று பேர் திரும்பத் திரும்பக் கேட்டார்கள்.

பதினோரு வீடுகள் சேர்ந்தன. வீட்டுக்கு 2,000 ரூபாய். இரண்டு வீடுகள் தவணையில் கொடுத்தன. ஊராட்சியில் மனு எழுதிக் கொடுத்தோம். கண்மாய் ஊராட்சி ஒன்றியத்தினுடையது என்பதால் கரையில் கேபிள் போவதற்கு அந்த ஒன்றிய அலுவலகத்திலும் அனுமதி வாங்கினோம்.

நடுவில் தடையாக நின்றது சித்தப்பாவின் நிலம். கரையிலிருந்து எங்கள் தெருவுக்கு வர அவருடைய வரப்பைத் தவிர வேறு வழியில்லை. அவர் முடியாது என்று சொல்லிவிட்டார். காரணம் மின்னல். அவருடைய அண்ணன் மகன் மழைக்காலத்தில் கம்பி வேலியைப் பிடித்திருந்தபோது இடி விழுந்து இறந்தவர். நிலத்துக்கு மேலே இன்னொரு கம்பி வருவதை அவர் மனம் ஏற்கவில்லை. அது வீண் பயம் என்று நான் சொல்ல மாட்டேன். தாங்குவதற்காக உள்ளே எஃகுக் கம்பி வைத்த கேபிள்கள் உண்டு, அவற்றில் மின்சாரம் பாயும். கேபிள் அண்ணனிடம் சொன்னோம். எஃகுக்குப் பதிலாகக் கண்ணாடி நார் வலுவூட்டிய கேபிளை அவர் கொண்டுவந்து, ஒரு துண்டை வெட்டிச் சித்தப்பாவின் கையில் கொடுத்தார். சித்தப்பா அதை நகத்தால் கீறிப் பார்த்தார், முறுக்கிப் பார்த்தார். உலோகம் எங்கும் இல்லை.

“இதில் கரண்டு வராதா?”

“வராது சித்தப்பா. இதில் வெளிச்சம் மட்டும்தான் போகும்,” என்றேன்.

அவர் ஒன்றும் சொல்லாமல் அந்தத் துண்டை மடியில் செருகிக்கொண்டு போனார். மறுநாள் காலையில் கரையில் நடந்து மரங்களை எண்ணிவிட்டு வந்து, “41 பனை இருக்கிறது. மூன்று இடத்தில் இடைவெளி அதிகம், அங்கே கம்பு ஊன்ற வேண்டும்,” என்றார்.

பங்குனியில் வேலை தொடங்கியது. பதநீர்க் காலம். பனையேறி ஐயா ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: மரத்தில் ஆணி அடிக்கக் கூடாது. பழைய சைக்கிள் டியூபை வெட்டி மரத்தைச் சுற்றி வைத்து, அதன்மேல் பட்டை போட்டுக் கொக்கி மாட்டினோம். அவரே ஏறி மாட்டிக்கொடுத்தார். இரண்டு நாளில் கரையைக் கடந்தோம். மூன்றாம் நாள் மாலை என் வீட்டு வாசலில் இழையை இணைத்தார்கள்.

நான் பார்க்கக் காத்திருந்தது அதைத்தான். கேபிள் அண்ணனின் உதவியாளர், இருபத்திரண்டு வயது இளைஞர், வண்டியின் சீட்டில் இழைகளை ஒட்டும் ஸ்பிளைசிங் இயந்திரத்தை வைத்தார். கேபிளின் தோலை உரித்தார், உள்ளே நிற நிறமான ஆறு இழைகள். நீல இழையைப் பிரித்து மேல்பூச்சைச் சுரண்டினார். ஆல்கஹால் தோய்த்த துணியால் துடைத்தபோது கீச்சென்று ஒரு சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் வந்தால்தான் இழை சுத்தமாகியிருக்கிறது என்று அர்த்தமாம். மிஞ்சிய கண்ணாடி ஒரு தலைமுடிப் பருமன். அதற்குள் ஒளி ஓடுகிற நடுப்பகுதி 9 மைக்ரான்தான், முடியின் பருமனில் சிறு பங்கு. அத்தனை மெல்லிய இரண்டு முனைகளை நேருக்கு நேர் வைத்து ஒட்ட வேண்டும். ஆனால் கண்மாய்க் காற்று விடவில்லை. இழை ஆடிக்கொண்டே இருந்தது. அப்பத்தா உள்ளே போய்த் தன் சேலை ஒன்றை எடுத்து வந்தார். நானும் தம்பியும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து வண்டியைச் சுற்றி மறைப்புக் கட்டினோம். இயந்திரத்தின் சிறு திரையில் இரண்டு முனைகளும் இரண்டு தூண்கள் மாதிரி பெரிதாகத் தெரிந்தன. ஒன்றை ஒன்று நெருங்கின. ஒரு பொறி. திரையில் தூண் ஒன்றாகியிருந்தது. ஒட்டில் ஒளியின் இழப்பு 0.01 டெசிபல், ஏறக்குறைய ஒன்றுமே இல்லை என்று காட்டியது. அப்பத்தா குனிந்து பார்த்துவிட்டு, “ஒட்டிக்கொண்டதா?” என்று கேட்டார்.

வீட்டு இணையப் பெட்டியில் விளக்கு எரியவில்லை. அண்ணன் ஒளியின் வலுவை அளக்கும் பவர் மீட்டரை வைத்துப் பார்த்தார். மைனஸ் 29. இந்தப் பெட்டிகளுக்கு மைனஸ் 27-க்குக் கீழே போனால் கண் தெரியாது. கண்ணாடி இழையில் ஒளி கிலோமீட்டருக்குக் கால் டெசிபல் அளவுதான் குறையும். ஆகவே தூரம் காரணமாக இருக்க முடியாது. பெரிய இழப்பு பிரிப்பானில்தான். ஓர் இழையை எட்டாகப் பிரிக்கும்போது பத்து டெசிபலுக்குக் கொஞ்சம் மேல் போய்விடும். அதெல்லாம் அவர் முன்பே கணக்குப் போட்டதுதான், மைனஸ் 21 வர வேண்டும். மீதி எங்கே போனது? டார்ச்சை எடுத்துக்கொண்டு எல்லோரும் கரைக்கு நடந்தோம். இடைவெளி அதிகமாக இருந்த மூன்று இடங்களில், ஊன்றிய கம்புகளில், யாரோ ஆர்வத்தில் கேபிளைக் கட்டுக்கம்பியால் இறுக்கிச் சுற்றியிருந்தார்கள். கண்ணாடி இழை முறிய வேண்டியதில்லை, சட்டென்று மடங்கினாலே போதும், அந்த வளைவில் ஒளி வெளியே கசிந்துவிடும். மூன்று கட்டையும் அவிழ்த்து, உள்ளங்கை அகலத்துக்குத் தளர்வாக வளைத்து மாட்டினோம். திரும்பி வந்தபோது வாசலில் உட்கார்ந்திருந்த அப்பா, “பச்சை விளக்கு வந்து கால்மணி நேரம் ஆகிறது,” என்றார்.

அன்று இரவே ஒரு கோப்பை அனுப்பிப் பார்த்தேன். பழைய சமையல் புத்தகம், அதே 312 மெகாபைட். 50 எம்பிபிஎஸ் இணைப்பு. பதிவிறக்கமும் பதிவேற்றமும் ஒரே வேகம் கொண்ட திட்டத்தைக் கேட்டு வாங்கியிருந்தேன். ஒரு நிமிடத்துக்குள் போய்விட்டது. நான் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

கேட்டு வாங்கியிருந்தேன் என்று சொன்னதை நீங்கள் மறந்துவிடாதீர்கள். விளம்பரத்தில் பெரிதாக அச்சிடுவது பதிவிறக்க வேகத்தை. வீட்டிலிருந்து வேலை செய்கிறவர்களுக்கும், மருத்துவரிடம் காணொளியில் பேசுகிற முதியவர்களுக்கும், தேர்வுத்தாளைப் படம் பிடித்து அனுப்புகிற பிள்ளைகளுக்கும் உயிர்நாடி பதிவேற்றம். அதைப் பற்றி வாய்விட்டுக் கேட்டால்தான் சொல்வார்கள். இன்னொன்று, வீட்டுக்குள் வைஃபை. எங்கள் வீட்டுச் சுவர்கள் ஒன்றரை அடி. வாசலில் 50 வந்தது, பின்கட்டில் 4. இணைப்பைக் குறை சொல்லுமுன் ரவுட்டரை நடுக்கூடத்துக்கு மாற்றிப் பாருங்கள், வேலை செய்கிற கணினிக்கு ஒயரையே கொடுத்துவிடுங்கள்.

மின்வெட்டுக்கும் வழி இருக்கிறது. ஃபைபரில் வழியிலிருக்கிற பிரிப்பான்களுக்கு மின்சாரமே வேண்டாம். அண்ணனின் அறையிலும் உங்கள் வீட்டிலும் மட்டும் இருந்தால் போதும். 12 வோல்ட் சிறு யுபிஎஸ் ஒன்று ரவுட்டரைச் சில மணி நேரம் தாங்கும். அண்ணனின் அறையில் பேட்டரி இருக்கிறதா என்பதைக் காசு கொடுப்பதற்கு முன்பே நான் போய்ப் பார்த்துவிட்டேன்.

2025 தை மாதத்தில் கேபிள் முதன்முறையாக அறுந்தது. அறுப்பு முடிந்து வைக்கோல் ஏற்றிய டிராக்டர் ஒன்று தெருமுனையில் கேபிளை இழுத்துக்கொண்டு போய்விட்டது. பெட்டியில் சிவப்பு விளக்கு. இரவு எட்டு மணி. அண்ணனுக்குத் தொலைபேசியில் சொன்னதும் அரை மணி நேரத்தில் வந்துவிட்டார். எங்கே அறுந்தது என்று இருட்டில் எப்படிக் கண்டுபிடிப்பது? பேனா மாதிரி ஒரு கருவியைத் தாய்க் கிராமத்துப் பக்க முனையில் செருகினார்கள். அது இழைக்குள் சிவப்பு ஒளியைச் செலுத்தும். நாங்கள் கரையோரமாகத் தேடிக்கொண்டே வந்தோம். தெருமுனையில் சிதறிக் கிடந்த வைக்கோலுக்கு நடுவே, மிளகு அளவில் ஒரு சிவப்புப் புள்ளி. தாய்க் கிராமத்திலிருந்து இரண்டு கிலோமீட்டருக்கு மேல் வந்த வெளிச்சம். டிராக்டர் ஓட்டிய பிள்ளை பயந்துபோய் நின்றான். யாரும் அவனைத் திட்டவில்லை. கேபிளைத் தாழ்வாக விட்டது எங்கள் தவறு. ஒவ்வொரு நூறு மீட்டருக்கும் கொஞ்சம் கேபிளைச் சுருட்டி மிச்சம் வைத்திருந்ததால் அதை இழுத்துக்கொண்டு ஒட்ட முடிந்தது. பத்து மணிக்குப் பச்சை விளக்கு வந்தது. பெரிய நிறுவனத்தின் அழைப்பு எண்ணில் புகார் பதிந்து காத்திருந்த நாட்கள் எனக்கு நினைவிருக்கின்றன. அரை மணி நேரத்தில் வண்டியில் வருகிற ஒரு மனிதர், எந்த வேகத்தை விடவும் எனக்குப் பெரியவர்.

இப்போது 38 வீடுகளில் 26 வீடுகளுக்கு இணைப்பு இருக்கிறது. மேட்டில் குடை பிடித்துப் படித்த பிள்ளை மதுரையில் கல்லூரிக்குப் போகிறாள், விடுமுறைக்கு வந்தால் திண்ணையிலேயே உட்கார்ந்து படிக்கிறாள். முதியோர் உதவித்தொகை வந்ததா என்று பார்ப்பதற்காகத் தாய்க் கிராமத்துக்கு நடந்த பெரியம்மாவுக்கு என் தம்பி வீட்டிலேயே பார்த்துச் சொல்கிறான். காசு கொடுக்க முடியாத பன்னிரண்டு வீடுகளை நினைக்காமல் இதை எழுத முடியவில்லை. ஐயனார் கோயில் திண்ணையில் அவர்களுக்காக ஒரு பொது இணைப்பு வைக்க ஊராட்சியில் மனு கொடுத்திருக்கிறோம். இன்னும் பதில் இல்லை. மறுபடியும் கொடுப்போம்.

கேபிளில் இருந்த ஆறு இழைகளில் எங்களுக்குத் தேவைப்பட்டது இரண்டு. மீதி நான்கும் என் வீட்டு வாசல் பெட்டியில் சுருண்டு கிடக்கின்றன. எங்களுக்குத் தெற்கே, முள்காட்டுக்கு அப்பால் இன்னொரு குக்கிராமம் இருக்கிறது, 22 வீடுகள். போன வாரம் அங்கிருந்து இரண்டு பெண்கள் வந்து விசாரித்துவிட்டுப் போனார்கள். அவர்கள் போன மறுநாள் சித்தப்பாவைக் காலையிலிருந்து காணவில்லை. பத்து மணிக்குக் காலெல்லாம் முள் கீறலோடு வந்து திண்ணையில் உட்கார்ந்தார்.

“அந்தப் பக்கம் பனை கிடையாது. 30 கம்பம் ஊன்ற வேண்டும். வறண்டுபோன போர்க் குழாய் என்னிடம் பதினாலு கிடக்கிறது. மீதிக்கு யாரிடம் கேட்கலாம்?”